பாலாற்று மணலின் ஷியர் வலிமையும் உருமாற்றமும்: ஆய்வகச் சோதனைக்கு முழுமையான வழிகாட்டி

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் பாலாற்றையோ பொன்னையாற்றையோ ஒட்டிக் கட்டடம் எழுப்பினால், அடித்தளம் பெரும்பாலும் மணலில்தான் உட்காரும். மண் ஆய்வு அறிக்கையைப் புரட்டினால் "உராய்வுக் கோணம் 38 டிகிரி" என்று ஒரு வரி இருக்கும். மணலின் ஷியர் வலிமையை, அதாவது பக்கவாட்டில் வழுக்காமல் தாங்கும் திறனைக் காட்டும் அளவு அது. எந்த அடர்த்தியில் சோதித்தார்கள் என்ற விவரம் பல அறிக்கைகளில் இருக்காது. அடர்த்தி சொல்லாத உராய்வுக் கோணத்தை வைத்து எதையும் வடிவமைக்க முடியாது. ஒரே குழியில் அள்ளிய மணல், தளர்வாகக் கொட்டினால் 32 டிகிரி காட்டும். நெருக்கி அடைத்தால் 40 டிகிரி காட்டும்.

இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். தாங்குதிறன் கணக்குக்கான ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணயம்) 6403 அட்டவணையில், அடித்தள அகலத்தோடு பெருக்கப்படும் கெழு 35 டிகிரிக்கு 48. 40 டிகிரிக்கு 109. ஐந்து டிகிரி பிசகினால் விடை இரண்டு மடங்குக்கு மேல் பிசகுகிறது. அதனால் கீழே வரும் ஒவ்வொரு படியிலும் கிராமும் மில்லிமீட்டரும் திரும்பத் திரும்ப வரும்.

மணலை எடுத்துவருவது

களிமண்ணைப் போல மணலைக் கலையாமல் வெட்டி எடுத்துவர முடியாது. குழாயிலிருந்து வெளியே தள்ளியதுமே உதிர்ந்துவிடும். ஆகவே ஆய்வகத்தில் மாதிரியை நாமேதான் திரும்பக் கட்ட வேண்டும். எந்த அடர்த்திக்குக் கட்டுவது என்பதைத் தளம்தான் சொல்ல வேண்டும். குழியின் மட்டத்தில் மணல் மாற்று முறையில், அதாவது ஐ.எஸ். 2720 பகுதி 28-இன்படி, அடர்த்தி எடுங்கள். கோர் கட்டர் (மண்ணை வெட்டி எடுக்கும் உருளை) உலர்ந்த மணலில் நிற்காது. ஆழமான அடுக்குக்கு எஸ்.பி.டி. எண்ணிலிருந்து (துளையில் ஒரு குழாயை அடித்து இறக்கத் தேவைப்படும் அடிகளின் எண்ணிக்கை) அடர்த்தியை மதிப்பிட வேண்டும்.

அதே மட்டத்திலிருந்து 15 கிலோ அள்ளுங்கள். அனுமதியில்லாமல் ஆற்றுப் படுகையில் மணல் அள்ளுவது குற்றம் என்பதால், உங்கள் தளத்துக் குழியிலிருந்தே எடுப்பதுதான் சரி. அறிக்கைக்கும் அந்த மணல்தான் தேவை. மேலே சவுடு கொட்டி நிரப்பிய இடமாக இருந்தால், சவுட்டைத் தாண்டி இயற்கை மணல் தொடங்கும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பாலாற்று மணலில் குவார்ட்சோடு ஃபெல்ட்ஸ்பாரும் மைக்காவும் கலந்திருக்கும். ஆறு கடந்துவரும் நிலமெல்லாம் கிரானைட்டும் நைஸும்தான். ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் பரப்பி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். தகடு தகடாக மினுங்குவது மைக்கா. அது அதிகம் இருந்தால் மணல் தளர்வாக அடையும், சுமை ஏறும்போது கூடுதலாக அமுங்கும். கண்ணில் பட்டதைப் பதிவேட்டில் எழுதிவையுங்கள்.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் கலந்த இடங்களின் மணலில் உப்பு தங்கியிருக்கலாம். அடுப்பில் உலர்த்தும்போது அந்த உப்பு படிகமாகி மணிகளை ஒட்டவைத்து, இல்லாத ஒட்டுமையைக் காட்டும். சிறிது மணலைக் காய்ச்சி வடித்த நீரில் குலுக்கி, தெளிந்த நீரில் இரண்டு சொட்டு வெள்ளி நைட்ரேட் விடுங்கள். வெள்ளையாகக் கலங்கினால் குளோரைடு இருக்கிறது. கலங்காத வரை அலசுங்கள். அலசும்போது நுண்துகளும் போய்விடும் என்பதால், 75 மைக்ரான் சல்லடைக் கணக்கை அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். இந்த மணலைக் கையுறை போட்டே தொடுங்கள்.

முதல் நாள்: அடிப்படை அளவீடுகள்

105 முதல் 110 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி ஆறவிடுங்கள். நாலு பங்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைச் சேர்க்கும் பழைய முறையிலேயே அளவைக் குறையுங்கள். தட்டின் மேலாகக் கரண்டியால் வாரினால் பெருமணி மட்டும்தான் கைக்கு வரும், பொடி அடியில் தங்கிவிடும்.

சல்லடைப் பகுப்பாய்வு எல்லோரும் அறிந்ததுதான். இரண்டு விஷயங்களை மட்டும் பாருங்கள். 60 மி.மீ. ஷியர் பெட்டியில் 4.75 மி.மீ.க்கு மேற்பட்ட கல் இருக்கக் கூடாது. கூழாங்கல் நிறைந்த மணலுக்கு 300 மி.மீ. பெட்டி வேண்டும். 75 மைக்ரானுக்குக் கீழே 12 சதவீதத்தைத் தாண்டினால் ரிலேட்டிவ் டென்சிட்டி (மிகத் தளர்ந்த நிலைக்கும் மிக நெருங்கிய நிலைக்கும் நடுவே மணல் எங்கே இருக்கிறது என்ற சதவீதம்) சோதனை அந்த மண்ணுக்குப் பொருந்தாது.

தன்னடர்த்தியை (மணி அதே கன அளவு நீரைப்போல் எத்தனை மடங்கு எடை என்பதை) பிக்னோமீட்டர் குடுவையில் அளந்தே எடுங்கள். 2.65 என்று ஊகித்து எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

அடுத்து ஐ.எஸ். 2720 பகுதி 14. குறைந்தபட்ச அடர்த்திக்குப் புனலின் வாய்க்கும் மணல் பரப்புக்கும் இடையே 25 மி.மீ. உயரம் மாறாமல், வெளியிலிருந்து உள்ளே சுற்றிச் சுற்றி ஊற்ற வேண்டும். அச்சு நிரம்பியதும் மேலே வழிக்கும்போது மேசை இடிபட்டால் மணல் இறுகிவிடும். கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். அதிகபட்ச அடர்த்திக்கு, மேல் எடை வைத்து அதிர்வு மேசையில் நிமிடத்துக்கு 3600 அதிர்வில் 8 நிமிடம்.

கையில் ஒரு கணக்கோடு போவோம். குறைந்தபட்ச அடர்த்தி 1.48, அதிகபட்சம் 1.76 கிராம்/கன செ.மீ., தன்னடர்த்தி 2.65 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெற்றிட விகிதம் (மணிகளின் கன அளவுக்கு இடைவெளியின் கன அளவு) அதிகபட்சம் 0.79, குறைந்தபட்சம் 0.506. தளத்தில் ரிலேட்டிவ் டென்சிட்டி 70 சதவீதம் என்றால் வெற்றிட விகிதம் 0.591, உலர் அடர்த்தி 1.666. ஷியர் பெட்டியில் மாதிரி 60 × 60 × 25 மி.மீ., அதாவது 90 கன செ.மீ. தேவைப்படும் மணல் 150 கிராம். அதே மணலை 30 சதவீதத்தில் அடைக்க 140 கிராம் போதும்.

தளர்ந்த மணலுக்கும் நெருங்கிய மணலுக்கும் நடுவே இருப்பது வெறும் பத்து கிராம், ஒரு மேசைக்கரண்டிகூட இல்லை. ஒரு கிராம் சிந்தினால் ரிலேட்டிவ் டென்சிட்டி கிட்டத்தட்ட 4 புள்ளி நகரும். உயரம் 25-க்குப் பதில் 24.5 மி.மீ. ஆனால் 70 சதவீதம் என்று நினைத்தது ஏறத்தாழ 82 சதவீதமாகிவிடும். ஆகவே 0.1 கிராம் தராசு, வெர்னியர், நிதானமான கை, மூன்றும் வேண்டும்.

நேரடி ஷியர் சோதனை

இரண்டு பாதிகளான பெட்டியில் மணலை அடைத்து, மேலே சுமை வைத்து, ஒரு பாதியைப் பக்கவாட்டில் தள்ளும் சோதனை இது. வழிமுறை ஐ.எஸ். 2720 பகுதி 13. பெட்டியைப் பிரித்து, இரண்டு பாதிகள் தொடும் முகங்களைத் துணியால் துடைத்து லேசாக சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். இரு பாதிகளையும் பூட்டும் இரண்டு திருகுகளைப் போட்டு, அடித்தட்டு, துளைக்கல், வரித்தட்டு என்று அடுக்குங்கள். வரித்தட்டின் வரிகள் தள்ளும் திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும். இணையாக வைத்துவிட்டால் மணல் தட்டின் மேல் வழுக்கி வலிமை குறைவாகத் தெரியும். இப்போது உள் ஆழத்தை நான்கு மூலையிலும் நடுவிலும் அளந்துகொள்ளுங்கள்.

தளர்ந்த மாதிரிக்குப் புனலை மணல் பரப்பை ஒட்டியே வைத்து மெதுவாக ஊற்றுங்கள். நெருங்கிய மாதிரிக்கு 150 கிராமை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கையும் சிறு மரக்கட்டையால் தட்டிக் குறித்த உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். மேலடுக்கைத் தட்டும்போது கீழடுக்கும் இறுகும் என்பதால், அடியடுக்கைக் கொஞ்சம் குறைவாகவே தட்ட வேண்டும். கடைசியில் மீண்டும் ஐந்து இடங்களில் ஆழம் அளந்து, உண்மையான உயரத்தைக் கணக்கில் போடுங்கள். 25 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். பெட்டியை அடைத்த பிறகு தூக்கிக்கொண்டு நடப்பதும் ஆகாது. இயந்திரத்தில் உட்காரவைத்த பிறகு அடைப்பதே நல்லது.

செங்குத்துச் சுமை 50, 100, 200 கிலோபாஸ்கல் என்று மூன்று. பரப்பு 36 சதுர செ.மீ. என்பதால் 50 கிலோபாஸ்கலுக்கு 180 நியூட்டன், அதாவது 18.35 கிலோ. மேல்தட்டும் குண்டும் சேர்ந்து 0.8 கிலோ இருந்தால் அது நேரடியாக மாதிரி மேல் விழும் சுமை. மீதியை 1:5 நெம்புகோலுக்கு வகுத்தால், தொங்கவிட வேண்டியது 3.51 கிலோ. நெம்புகோல் கிடைமட்டமாக இருக்கிறதா என்று மட்டப்பலகை வைத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால் இந்த விகிதம் பொய்.

சுமை ஏற்றியதும் செங்குத்து டயல் எவ்வளவு இறங்கியது என்று குறியுங்கள். ஷியருக்கு முந்தைய அடர்த்தி இந்த இறக்கத்தையும் சேர்த்துத்தான்.

இனிமேல் வரும் வரிசை மாறக் கூடாது. பூட்டுத் திருகுகளைக் கழற்றுங்கள். தூக்கும் திருகுகளைச் சமமாகத் திருப்பி, மேல்பாதியை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தூக்குங்கள். பிறகு அந்தத் தூக்கும் திருகுகளைத் திரும்பப் பின்வாங்குங்கள். மாணவர்கள் கையில் அதிகம் கெட்டுப்போவது இந்த இடம்தான். பூட்டுத் திருகைக் கழற்ற மறந்தால் ப்ரூவிங் ரிங் (தள்ளும் விசையை அளக்கும் வளையம்) முள் தொடக்கத்திலிருந்தே நேர்கோடாக ஏறிக்கொண்டே போகும். நீங்கள் அளப்பது திருகின் வலிமையை. உடனே மோட்டாரை நிறுத்துங்கள், ரிங் கெட்டுவிடும். தூக்கும் திருகைப் பின்வாங்க மறந்தால் தவறு வெளியே தெரியாது, அதனால்தான் இது ஆபத்தானது. சுமையில் ஒரு பங்கு திருகு வழியாகக் கீழ்ப்பாதிக்கு இறங்கிவிடும், மணல் மேல் 100 கிலோபாஸ்கல் இருப்பதாக நீங்கள் நம்பிக்கொண்டிருப்பீர்கள், வலிமை குறைந்து தெரியும்.

டயல்களைப் பூஜ்யமாக்கி, நிமிடத்துக்கு 1.25 மி.மீ. அல்லது அதற்குக் குறைவான வேகத்தில் ஓட்டுங்கள். உலர்ந்த மணலில் நீரழுத்தப் பிரச்சினை இல்லாததால் வேகம் பெரிய வித்தியாசம் தராது. ஆனால் கையால் மூன்று டயல் பார்த்து எழுதுபவருக்கு நிமிடத்துக்கு 0.5 மி.மீ. வசதி. ஒவ்வொரு 0.25 மி.மீ. நகர்வுக்கும் ப்ரூவிங் ரிங், செங்குத்து டயல் இரண்டையும் எழுதுங்கள். 12 மி.மீ. வரை, அதாவது பெட்டி நீளத்தில் 20 சதவீதம் வரை ஓட்டுங்கள். உச்சம் வந்ததும் நிறுத்துவது பெரிய இழப்பு. மணலின் இயல்பான வலிமை உச்சத்துக்குப் பிறகுதான் தெரியும்.

காதையும் தீட்டி வைத்திருங்கள். "கறக் கறக்" என்று அரைபடும் ஒலி வந்தால் இடைவெளியில் மணி சிக்கியிருக்கிறது. அந்தச் சோதனையை ஒதுக்கிவிட்டு, முகங்களைத் துடைத்துப் புது மணலோடு மீண்டும் செய்யுங்கள். ஒரு முறை ஓட்டிய மணலை மறுபடி பயன்படுத்தாதீர்கள். எம்-சாண்டில் இது இன்னும் முக்கியம். உடைத்த கல்லின் கூரிய முனைகள் முதல் ஓட்டத்திலேயே கொஞ்சம் முறியும்.

எண்களைப் படிப்பது

நெருங்கிய மணல் 1 முதல் 3 மி.மீ. நகர்வுக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கும். செங்குத்து டயல் முதலில் ஒரு இழை கீழே போய், பிறகு ஏறும். மணிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கடக்க வேண்டியிருப்பதால் மணல் விரிகிறது. தளர்ந்த மணலில் உச்சம் இருக்காது. டயல் இறங்கிக்கொண்டே போகும். இரண்டும் கடைசியில் ஏறக்குறைய ஒரே வலிமையில் வந்து நிற்கும். ஆர்தர் காசகிராண்டே 1936-லேயே இதை எடுத்துச்சொன்னார்.

நகர நகர தொடும் பரப்பு குறையும், 6 மி.மீ.யில் 36 சதுர செ.மீ. 32.4 ஆகிவிடும். ஆனால் ஷியர் அழுத்தம், செங்குத்து அழுத்தம் இரண்டையும் ஒரே பரப்பால்தான் வகுக்கிறோம், அதனால் இரண்டின் விகிதம் மாறாது. ஷியர் அழுத்தத்துக்கு மட்டும் திருத்தம் போட்டு, செங்குத்து அழுத்தத்தைப் பழையபடி விட்டுவிட்டால் கோணம் பொய்யாக உயரும். பல கணினித் தாள்களில் இந்தத் தவறு நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. உங்களுடையதைத் திறந்து பாருங்கள்.

உதாரணமாக 50, 100, 200 கிலோபாஸ்கலில் உச்ச ஷியர் 43, 84, 165 வந்தால், மூன்று புள்ளி வழியே பொருத்திய கோடு 39 டிகிரியும், வெட்டுத்துண்டு (கோடு ஷியர் அச்சை வெட்டும் அளவு) 2.5 கிலோபாஸ்கலும் தரும். இந்த 2.5-ஐ ஒட்டுமை என்று அறிக்கையில் எழுதக் கூடாது. உலர்ந்த சுத்தமான மணலுக்கு ஒட்டுமை கிடையாது. அழுத்தம் ஏற ஏற விரிவு குறைவதால் உண்மையான கோடு சற்றே வளைந்தது. நேர்கோடு போட்டதால் வந்த மிச்சம் அது. ஈர மணலில் தெரியும் ஒட்டுமையும் நிலையானதல்ல. பாலாற்றில் ஊற்று தோண்டியவர்களுக்குத் தெரியும், ஈரம் இருக்கும் வரை குழியின் சுவர் செங்குத்தாக நிற்கும், வெயில் ஏறிக் காய்ந்ததும் சரசரவென்று சரியும்.

ஒரு சரிபார்ப்பை விடாமல் செய்யுங்கள். 100 கிலோபாஸ்கல் சோதனையில் உச்சத்தை ஒட்டி 0.5 மி.மீ. நகர்வுக்குச் செங்குத்து டயல் 0.10 மி.மீ. ஏறியது என்றால் விரிவு விகிதம் 0.20. டொனால்ட் டெய்லர் 1948-இல் காட்டிய ஆற்றல் கணக்குப்படி, உச்ச ஷியருக்கும் செங்குத்து அழுத்தத்துக்கும் உள்ள விகிதம் 0.84-இலிருந்து 0.20-ஐக் கழித்தால் 0.64, கோணம் ஏறக்குறைய 32.6 டிகிரி. உங்கள் சோதனையின் கடைசி அளவீடுகள் 62 முதல் 66 கிலோபாஸ்கலுக்குள் நின்றிருந்தால் சோதனை நம்பத்தக்கது. 75-இல் நின்றால் எங்கோ உராய்வு சேர்ந்திருக்கிறது. இந்த ஒரு கழித்தலுக்காகவே செங்குத்து டயலை எழுதாமல் விடாதீர்கள்.

உருமாற்றத்துக்கு மூவச்சுச் சோதனை

நேரடி ஷியரில் மீட்சிக் குணகம் (சுமைக்கு மணல் எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்ற அளவு) கிடைக்காது. பெட்டிக்குள் திரிபு சீராக இல்லை, எந்த உயரத்து மணல் உருமாறுகிறது என்றே தெரியாது. அந்த வளைகோட்டின் சரிவை எடுத்து அமிழ்வுக் கணக்கில் போடுவது தவறு. அமிழ்வு வேண்டுமென்றால் டிரையாக்சியல், அதாவது உருளை மாதிரியைச் சுற்றிலும் அழுத்தம் கொடுத்து மேலிருந்து அழுத்தும் மூவச்சுச் சோதனைதான்.

38 × 76 மி.மீ. மாதிரியின் கன அளவு 86.2 கன செ.மீ.; நம் 70 சதவீதத்துக்கு 143.6 கிராம். ரப்பர் உறையை ஊதி நீரில் அமிழ்த்தி ஓட்டை பாருங்கள். பிளவு அச்சுக்குள் உறையைப் போட்டு, வெளிப்பக்கம் உறிஞ்சிச் சுருக்கமில்லாமல் ஒட்டவைத்து, அடுக்கடுக்காக நிரப்புங்கள். மேல்தொப்பியை வைத்து ஓ-வளையம் போட்டபின், மாதிரிக்குள் 10 முதல் 20 கிலோபாஸ்கல் வெற்றிடம் கொடுத்தால்தான் அச்சைக் கழற்றியதும் மணல் தன் காலில் நிற்கும். மின்சாரம் போனால் பம்பு நின்று மாதிரி பொத்தென்று சரியும். பம்புக்கும் மாதிரிக்கும் நடுவே ஒரு வால்வு வைத்து மூடிவிடுங்கள். விட்டத்தை மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் இரு திசையில் அளந்து, உறையின் தடிமனை இரண்டு மடங்காகக் கழியுங்கள்.

செல்லை (மாதிரியைச் சுற்றிய அழுத்தக் கலனை) நிரப்பி 20 கிலோபாஸ்கல் கொடுத்தபடியே வெற்றிடத்தை விடுவியுங்கள். கார்பன் டை ஆக்சைடை அடியிலிருந்து மெல்ல அரைமணி நேரம் செலுத்தி, பிறகு காற்று நீக்கிய நீரைச் செலுத்துங்கள். கார்பன் டை ஆக்சைடு நீரில் எளிதில் கரைவதால் காற்றைவிடச் சீக்கிரம் ஒழியும். செல் அழுத்தத்தையும் பின்னழுத்தத்தையும் (மாதிரிக்குள் இருக்கும் நீருக்குக் கொடுக்கும் அழுத்தம்) 50, 50-ஆக, இடையே 10 முதல் 20 வித்தியாசம் காத்து, சேர்த்து உயர்த்துங்கள். வடிகாலை மூடிச் செல் அழுத்தத்தை மட்டும் 50 கூட்டும்போது நீரழுத்தம் குறைந்தது 47.5 கூடினால், ஸ்கெம்ப்டனின் பி மதிப்பு 0.95, மாதிரி நிறைந்துவிட்டது. குறைந்தால் பின்னழுத்தத்தை இன்னும் ஏற்றுங்கள்.

பின் தேவையான அழுத்தத்தில் இறுக்கி, வடிகாலைத் திறந்தே நிமிடத்துக்கு 0.1 மி.மீ. அளவில் அழுத்துங்கள். கன அளவு மாற்றத்தை ப்யூரெட்டில் படியுங்கள். கத்திரி வெயில் நாட்களில் குளிர்சாதனம் இல்லாத அறையில் நீரும் குழாயும் விரிந்து ப்யூரெட் தானாகவே நகரும். விடியற்காலையில் தொடங்குங்கள், செல்லைச் சன்னலோரம் வைக்காதீர்கள். அச்சுத் திரிபு 15 முதல் 20 சதவீதம் வரை போகட்டும். நெருங்கிய மணலில் சாய்வான ஒரு வெட்டுப்பட்டை தெரியும், தளர்ந்த மணல் பீப்பாய் போலப் பருக்கும். எதுவென்று படம் எடுத்துவையுங்கள்.

செல் அழுத்தம் 100 கிலோபாஸ்கல், அச்சு அழுத்தத்துக்கும் அதற்கும் உள்ள உச்ச அழுத்த வேறுபாடு 360 என்றால், 360-ஐ 560-ஆல் (360 + 100 + 100) வகுத்த 0.643 கோணத்தின் சைன். கோணம் 40 டிகிரி. உச்சத்தில் பாதியான 180-ஐ 0.45 சதவீதத் திரிபில் தொட்டால் செகண்ட் குணகம் (தொடக்கத்திலிருந்து அந்தப் புள்ளிக்கு இழுத்த கோட்டின் சரிவு) 40 மெகாபாஸ்கல். இங்கேதான் அரைகுறை வேலை நம்மைக் காட்டிக்கொடுக்கும். மேல்தொப்பி மணலில் சரியாகப் படியாமல் 0.15 மி.மீ. வெற்று நகர்வு சேர்ந்தால், திரிபு 0.65 ஆகக் காட்டும், குணகம் 28-க்கு விழும். தொடக்கத்தில் வளைகோடு குழிந்து ஆரம்பித்தால் அது படியாத தொப்பி. நேரான பகுதியைப் பின்னோக்கி நீட்டிப் பூஜ்யத்தை நகர்த்துங்கள். அடுத்த மாதிரியில் மேற்பரப்பை இன்னும் சமமாக வழியுங்கள். ஒரு முறை சுமையை இறக்கி மீண்டும் ஏற்றிப் பார்த்தால், அந்தக் கண்ணியின் சரிவு பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மடங்கு இருக்கும்.

மணலின் குணகம் பக்க அழுத்தத்தோடு ஏறும், தோராயமாக அதன் வர்க்கமூலம் போல. 100-இல் 40 என்றால் 25-இல் 20 மெகாபாஸ்கல் அளவில் எதிர்பாருங்கள். ஒன்றரை மீட்டர் ஆழ அடித்தளத்துக்கு 200 கிலோபாஸ்கல் சோதனையின் குணகத்தைக் கொடுப்பது அமிழ்வைக் குறைத்துக் காட்டும்.

அறிக்கையில் எழுத வேண்டியது

ஒவ்வொரு கோணத்துக்கும் பக்கத்திலேயே மணலின் எடை, அளந்த உயரம், உலர் அடர்த்தி, ரிலேட்டிவ் டென்சிட்டி, அழுத்த எல்லை, உச்சமா இறுதியா என்பது, எல்லாம் இருக்கட்டும். ஐ.எஸ். 6403, ரிலேட்டிவ் டென்சிட்டி 70 சதவீதத்துக்கு மேல் பொதுத் தகர்வு (அடித்தளத்தின் கீழ் மண் முழுதாகச் சரிவது), 20-க்குக் கீழ் உள்ளூர்த் தகர்வு (ஒரு பகுதி மட்டும் சரிவது), இடையில் இரண்டுக்கும் நடுவான மதிப்பு என்று பிரிக்கிறது. ஆகவே அடர்த்தி இல்லாமல் வடிவமைப்பாளரால் சூத்திரத்தைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியாது. ப்ரூவிங் ரிங் அளவுத்திருத்தச் சான்றின் தேதியையும் சேருங்கள். மிச்ச மணலில் இரண்டு கிலோவைக் குழி எண், ஆழம், தேதி எழுதிய பையில் கட்டி, அடித்தளம் போட்டு முடியும் வரை அலமாரியில் வைத்திருங்கள்.